சூடேறினால் நின்றுவிடும் கார்

யுத்த காலத்துக் கொழும்பில் கார் முதல் தடவை நின்றது கொள்ளுப்பிட்டியில், சோதனைச் சாவடிக்கு முப்பது அடி முன்னால். பள்ளிக்கூடம் முடிந்து கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். முன்னால் நின்ற வான் போனதும் ஒரு சிப்பாய் கையைக் காட்டி என்னை வரச் சொன்னான். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்த அந்த நொடியில் எஞ்சின் அடங்கிவிட்டது. இருமவில்லை, நடுங்கவில்லை. யாரோ சுவிட்சை அணைத்ததுபோல நின்றது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. சிப்பாய் இரண்டாம் முறையும் கையைக் காட்டினான். மூன்றாம் முறை காட்டவில்லை. தோளில் கிடந்த துவக்கை இறக்கினான். எனக்குப் பின்னால் நின்ற கார்கள் ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி பின்னுக்குப் போகத் தொடங்கின. நடைபாதையில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவர் தன் வண்டிலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு நான் யாராகத் தெரிகிறேன் என்பது எனக்கு விளங்கியது.

"பஹின்ன," என்றான் சிப்பாய். இறங்கு என்று அர்த்தம். இறங்கினேன். கைகளை மேலே தூக்கச் சொன்னான். தூக்கினேன். பொன்னெட்டைத் திறந்தார்கள், டிக்கியைத் திறந்தார்கள், ஆசனங்களைக் கிளப்பினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கணிதக் கொப்பிகள் முப்பத்தைந்தையும் றோட்டில் அடுக்கி ஒவ்வொன்றாக உதறினார்கள். எல்லாம் முடிய அரை மணித்தியாலமாயிற்று. "இப்ப எடு பாப்பம்," என்று சிங்களத்தில் சொன்னார்கள். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் எடுபட்டது.

அதுதான் பெரிய ஆபத்தாகப் போய்விட்டது. எடுபடாமலே கிடந்திருந்தால் பழுதான கார் என்று நம்பியிருப்பார்கள். தானாக நின்று தானாக எடுபடும் காரை யார் நம்புவது? என் அடையாள அட்டையின் இலக்கத்தையும் வீட்டு விலாசத்தையும் எழுதி எடுத்துக்கொண்டுதான் போக விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆறினாப் பிறகு சும்மா எடுபட்டதோ?"

"ஓம். ஒண்டுமே நடக்காத மாதிரி."

"அப்ப கிராங்க் சென்சராத்தான் இருக்கும்," என்றார்.

அவர் லிஃப்ட் திருத்தும் கொம்பனி ஒன்றில் பதினொரு வருடம் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்தவர். மின்சாரம் ஓடும் எந்தப் பொருளும் அவருக்குத் தெரியும். எஞ்சினின் அடியில், சுற்றுகிற சில்லுக்குப் பக்கத்தில் பெருவிரல் அளவில் ஒரு சாமான் இருக்கிறது என்று சொன்னார். எஞ்சின் சுற்றுகிறதா இல்லையா என்பதைக் காரின் மூளைக்குச் சொல்வது அதுதான். பழசானால் சூட்டில் அதன் வாய் அடைத்துவிடும். அது சொல்லாவிட்டால் மூளை நெருப்புப் பொறியை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி பேசத் தொடங்கும். இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் பழைய ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பழைய ஆள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்திய வருடம் ஒரு சுற்றிவளைப்பில் அவரைக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது நாள் வைத்திருந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று விட்டார்கள். திரும்பி வந்தவருக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொம்பனி அவரை மறுபடி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவசியமில்லாமல் அவர் கேற்றைத் தாண்டுவதில்லை. வீட்டில் இருந்தபடி பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

பஸ்ஸில் போகலாம்தானே என்று இப்போது யாராவது கேட்கக்கூடும். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொரு பையையும் பார்ப்பேன். என் பையை மற்றவர்கள் பார்ப்பார்கள். தலைக்கு மேலே தட்டில் ஒரு பொட்டலம் கிடந்தால் அடுத்த தரிப்பில் இறங்கி நடப்பேன். அந்தப் பயம் தாங்காமல்தான் கணவருடைய பழைய ஜப்பான் காரில் போகத் தொடங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை கார் மறுபடி நின்றது. இம்முறை மருதானைப் பாலத்தில். நல்ல காலம், சாவடி எதுவும் பக்கத்தில் இல்லை. தெமட்டகொடையில் ரயில் யார்டின் மதிலோரம் கராஜ் வைத்திருந்த ஒரு சிங்களவர் அவ்வழியால் வந்த தன் வானிலிருந்து இறங்கி, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். சூடாக இருந்த எஞ்சினின் அடியில் ஈரத் துணியை வைத்து அழுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, "இப்ப எடுங்க மிஸ்," என்றார். எடுபட்டது. கணவர் சொன்ன அதே பெயரைச் சொன்னார்.

"மாத்தித் தாங்களேன்," என்றேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அவர் முயன்றார். போல்ட் அசைந்தது, சென்சர் அசையவில்லை. வருடக்கணக்காகச் சூட்டிலும் உப்புக் காற்றிலும் கிடந்து அது எஞ்சின் உடலோடு ஒட்டிப்போயிருந்தது. காரை விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தார். வெளி ஆட்களின் வாகனங்களை இரவு வைத்திருக்க வேண்டாம் என்று பொலிஸ் சொல்லியிருக்கிறது என்றார். வெளி ஆட்கள் என்று அவர் சொன்னது யாரை என்று இருவருக்கும் தெரியும். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, ரயில் சிலிப்பர்க் கட்டையில் அறுத்த இரண்டு சாய்வுத் துண்டுகளை டிக்கிக்குள் வைத்துவிட்டார். "முன் சில்லு ரெண்டையும் இதுக்கு மேல ஏத்துங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில, எஞ்சின் ஆறிக் கிடக்கிற நேரம் செய்யுங்க. பொறுமை இருந்தா வரும்."

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றில் புது சென்சரும் போல்ட் கழற்றப் பத்தாம் நம்பர் சொக்கெட் ஒன்றும் வாங்கினேன். பில்லில் என் பெயரையும் காரின் இலக்கத்தையும் எழுதித் தரும்படி கேட்டேன். முதலாளி ஒன்றும் கேட்காமல் எழுதினார். தமிழ் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் போலிருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு சாவடிகளில் அந்தச் சின்னக் கறுப்புச் சாமானை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் பில்தான் காப்பாற்றியது.

சொக்கெட் ஏன் வாங்க வேண்டி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கணவரிடம் ஒரு காலத்தில் திருத்து வேலைக் கருவிகள் நிறைந்த பெரிய ஆயுதப் பை இருந்தது. ஆயுதப் பை என்று தொழிலாளர்கள் சாதாரணமாகச் சொல்லும் சொல்லையே நாங்கள் வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தோம். அவரைக் கொண்டுபோன மறுநாளிலிருந்து, அந்தப் பையில் இருந்த வயர்ச் சுருள்கள், மீற்றர், சேர்க்கிட் அட்டைகள், ஈயம் உருக்கும் கோல் எல்லாவற்றையும் நான் பள்ளிக்கூடப் பையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துச் சென்றேன். சிலதைக் கடற்கரைப் பாறைகளுக்கிடையில் போட்டேன், சிலதைக் கொட்டாஞ்சேனைக் குப்பைத் தொட்டிகளில் போட்டேன். நாலு நாள் எடுத்தது. வீட்டைச் சோதனை போட வந்தபோது ஒரு குறடும் இரண்டு ஸ்குறூ டிரைவரும் ஒரு சின்னச் சுத்தியலும்தான் மிஞ்சியிருந்தன. திரும்பி வந்தவர் வெறும் பையைப் பார்த்தார். மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது யார் செய்வது என்று கதைத்தோம்.

"நான் கிடந்து செய்யிறன். நீர் லைற் பிடிச்சால் காணும்," என்றார்.

"உங்கட கை மேலை எழும்பாது. காருக்குக் கீழை மல்லாக்கக் கிடந்து என்னெண்டு செய்வியள்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் மற்றக் காரணத்தையும் சொன்னேன். "ஒரு ஆம்பிளை காருக்குக் கீழை வயரோடை கிடந்தால் ஆரும் பாத்துக்கொண்டிருக்க மாட்டினம். நான் ரீச்சர். என்னை இந்த ஒழுங்கையிலை எல்லாருக்கும் தெரியும்."

"பொலிஸிலை சொல்லிப்போட்டுச் செய்வமோ?" என்று கேட்டார்.

"என்னெண்டு சொல்லுறது? நாளைக்குக் காலமை எங்கட காருக்குக் கீழை வயர் உள்ள சாமான் ஒண்டு பூட்டப்போறம் எண்டோ?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். கடலை நோக்கிப் போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு கீழ்த்தளம். கார் நிற்கும் இடத்துக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் கம்பிக் கேற் மட்டும்தான். வெளியே போகிற எவருக்கும் உள்ளே எல்லாம் தெரியும். எதிர் வீட்டு மேல்மாடியில் ஒரு சிங்களத் தாதி இருந்தா. களுபோவில ஆஸ்பத்திரியில் வேலை. நான் அவவை மிஸ்ஸி என்பேன், அவ என்னை டீச்சர் என்பா. வெசாக் காலத்தில் இனிப்பு அனுப்புவா. தீபாவளிக்கு நான் பலகாரம் அனுப்புவேன். அன்றைக்கு அவ தன் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. கையசைத்தேன். அவவும் அசைத்தா.

முன் சில்லுகளைக் கட்டைகளின் மேல் ஏற்றி, பின் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்தோம். பற்றரி வயரைக் கழற்றினோம். பிரித்த காட்போட் பெட்டி ஒன்றை விரித்து அதன்மேல் மல்லாந்து கிடந்து உள்ளே நகர்ந்தேன். கணவர் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இடது கையால் ரோர்ச்சைப் பிடித்தார். மெல்லிய குரலில்தான் கதைத்தோம். காருக்கு அடியிலிருந்து தமிழ் கேட்கக்கூடாது என்று இருவரும் சொல்லிக்கொள்ளாமலே தீர்மானித்திருந்தோம்.

போல்ட் சுகமாக வந்தது. வயர்ச் செருகியை அழுத்திப் பிரித்தேன். அதற்குப் பிறகு அந்தச் சாமானோடு இரண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். குறடால் பிடித்துத் திருப்பினால் வழுக்கியது. எண்ணெய் விட்டுக் கால் மணித்தியாலம் பொறுத்தோம். கேத்திலில் கொதிக்க வைத்த தண்ணீரைச் சுற்றியிருந்த உலோகத்தின்மேல் விடச் சொன்னார். உலோகம் விரிந்து இடம் கொடுக்குமாம். தண்ணீர் என் முழங்கையால் வழிந்து கழுத்துவரை வந்தது. மறுபடி திருப்பினேன். 'படக்' என்று ஒரு சத்தம். காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டு உடைந்து என் முகத்தில் விழுந்தது. இனிப் பிடிக்கவும் ஒன்றுமில்லை.

"பயப்படாதையும்," என்றார். "நடுவிலை ஒரு ஸ்குறூவை முடுக்கும். பிறகு ஸ்குறூவைப் பிடிச்சு இழுக்கலாம். முதல் சுத்திவர மெல்லத் தட்டிக் கொடும்."

தட்டினேன். 'டக் டக்' என்று ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் ரோர்ச் வெளிச்சம் ஒருதரம் ஆடும். அவர் தலையைத் திருப்பி ஒழுங்கையைப் பார்க்கிறார் என்று அதிலிருந்து தெரிந்தது. ஒருமுறை, "மிஸ்ஸி பாத்துக்கொண்டு நிக்கிறா," என்றார். "நிக்கட்டும்," என்றேன்.

ஸ்குறூ இறங்கியது. குறடால் பிடித்து, காலைச் சில்லில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். போத்தல் மூடி திறக்கிற மாதிரி ஒரு ஓசையோடு அது வந்துவிட்டது. கறுத்து, உடைந்து, நெஞ்சில் ஸ்குறூ குத்தியபடி என் உள்ளங்கையில் கிடந்தது. "வந்திட்டுது," என்றேன். சந்தோசத்தில் குரலைக் கூட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை.

ரோர்ச் வெளிச்சம் போய்விட்டிருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். கேற்றுக்குள்ளே சப்பாத்துக்கள். எட்டுச் சப்பாத்துக்கள், நாலு ஆட்கள். அவற்றுக்குப் பக்கத்தில் என் கணவருடைய செருப்புப் போட்ட கால்கள், அசையாமல்.

வெளியே வரச் சொல்லி ஒருவன் கத்தினான். காட்போட்டோடு சறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு பொலிஸ் சார்ஜன்ட், இரண்டு கான்ஸ்டபிள்கள், துவக்கோடு ஒரு சிப்பாய். ஒழுங்கை வாயில் ஜீப். என் கணவர் இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் வைக்க முயன்றபடி நின்றார். வலது கை தோள்வரைதான் போயிருந்தது. யாரும் அவரை அப்படி நிற்கச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சப்பாத்தைக் கண்டதும் அவராகவே கையைத் தூக்கியிருக்கிறார்.

"மொகக்த மே?" என்றார் சார்ஜன்ட், என் கையிலிருந்ததைக் காட்டி. என்ன இது?

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். இருபது வருடம் கொழும்பில் இருந்தவள். அந்த நேரத்தில் இங்கிலீஷ்தான் வாயில் வந்தது. "சென்சர், சேர்," என்றேன். "கார் சென்சர்." வயர், ஸ்குறூ, கறுப்பு எண்ணெய். நானே அதைப் பார்த்தேன். அவருடைய கண்ணால் பார்த்தால் அது வேறென்னவாகத் தெரியும்?

காகிதங்களைக் கேட்டார். ஒரு கான்ஸ்டபிள் என்னோடு வீட்டுக்குள் வந்தான். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவுப் படிவம், அடையாள அட்டைகள், காரின் புத்தகம், பஞ்சிகாவத்தை பில். எல்லாவற்றையும் சார்ஜன்ட் வெயிலில் நின்று ஆறுதலாக வாசித்தார். எல்லாவற்றிலும் என் எண்ணெய் விரல்கள் பதிந்திருந்தன.

"ஏன் கராஜுக்குப் போகவில்லை?"

போனதைச் சொன்னேன்.

"ஏன் பொம்பிளை செய்யிறது? இவர் என்ன செய்யிறார்?"

"அவருக்குக் கை ஏலாது, சேர்."

சார்ஜன்ட் கணவரின் பக்கம் திரும்பினார். "கைக்கு என்ன?"

கணவர் சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்: "படியில விழுந்தனான்."

சார்ஜன்ட் அந்தக் கையைப் பார்த்தார். அது எந்தப் படி என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பிறகு என்னிடம், "பூட்டு. பூட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டு," என்றார்.

மறுபடி காருக்குக் கீழே போனேன். இம்முறை ரோர்ச் பிடிக்க ஆளில்லை. கணவரைக் கேற்றடியில் நிறுத்தியிருந்தார்கள். துளையைத் துணியால் துடைத்தேன். புதுச் சென்சரின் றப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி உள்ளே அமத்தினேன். பழையது இரண்டு மணித்தியாலம் வராமல் நின்ற அதே துளைக்குள் புதியது ஒரு அமத்தலில் போய் இருந்தது. போல்டை எடுத்தேன். எண்ணெய் விரலில் வழுக்கி அது உருண்டு வெளியே போய்விட்டது. தேடக் கையை நீட்டினேன், எட்டவில்லை. சிப்பாய் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தான். போல்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. உடனே இரண்டடி பின்னுக்குப் போனான்.

போல்டை முடுக்கிச் செருகியைப் பூட்டினேன். வெளியே வந்து பற்றரி வயரைக் கொழுவினேன். அப்போது சார்ஜன்ட் கையைக் காட்டினார். கான்ஸ்டபிள்கள் ஒழுங்கைக்கு இறங்கி மதிலுக்குப் பின்னால் போனார்கள். சிப்பாய் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனான். பல்கனிகளில் நின்ற ஆட்களை உள்ளே போகச் சொல்லிச் சத்தமிட்டார்கள். கதவுகள் சாத்தும் ஓசை வரிசையாகக் கேட்டது. நானும் காரும் மட்டும் மிஞ்சினோம்.

"ஸ்டார்ட் கரன்ன," என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

உள்ளே ஏறி இருந்தேன். கணவர் சார்ஜன்டிடம் ஏதோ கேட்பது கேட்டது. பிறகு அவர் கேற்றைத் திறந்து வந்து பக்கத்து ஆசனத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். அவர் சுயமாகக் கேற்றுக்கு வெளியே நின்ற ஒருவரிடம் போய் ஒன்றைக் கேட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"செருகேக்கை 'டிக்' எண்டு கேட்டதோ?"

"கேட்டது."

"அப்ப எடும்."

சாவியில் கை வைத்தேன். இனி நான் சொல்லப்போவது வெட்கமான விஷயம். அந்தக் காருக்குள் ஒன்றுமில்லை என்று உலகத்தில் யாருக்காவது நிச்சயமாகத் தெரியுமென்றால் அது எனக்குத்தான். இரண்டு மணித்தியாலம் அதன் அடியில் கிடந்தவள் நான். ஆனாலும் அத்தனை பேர் மதிலுக்குப் பின்னால் பதுங்கி நிற்பதைப் பார்த்ததும், உள்ளே ஏதோ இருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன். மருதானையில் கார் நின்றபோது யாராவது வைத்திருக்கலாம். கொள்ளுப்பிட்டியில் வைத்திருக்கலாம். கட்டைத் துண்டுக்குள் இருக்கலாம். சாவியைத் திருப்பினால் நாங்கள் இருவரும் இல்லை. என் கை திரும்ப மறுத்தது. கணவர் தன் இடது கையை எடுத்து என் கையின்மேல் வைத்தார். இருவரும் சேர்ந்து திருப்பினோம்.

எஞ்சின் சுற்றியது. பற்றவில்லை.

நிறுத்தினோம். மதிலுக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. "மூண்டு எண்ணிப்போட்டு மறுபடி," என்றார். எண்ணினேன். திருப்பினோம். எஞ்சின் ஒருதரம் உதறிக்கொண்டு எடுபட்டது.

பத்து நிமிடம் ஓடவிடச் சொன்னார்கள். சூடேறி விசிறி சுற்றத் தொடங்கியது, நிற்கவில்லை. சார்ஜன்ட் வந்து பழைய சென்சரைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். "மஹத்தயா ஒரு வாக்குமூலம் தர வேணும்," என்று என் கணவரைக் காட்டிச் சொன்னார். கணவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

போன முறை அவரைக் கொண்டுபோனபோது எங்கே கொண்டுபோனார்கள் என்று அறிய ஐந்து நாள் எடுத்தது. இந்த முறை நான் யோசிக்கவில்லை. அண்டைக் கற்களைத் தள்ளிவிட்டு, காரைக் கட்டைகளிலிருந்து பின்னுக்கு இறக்கி, கேற்றைச் சாத்தாமல், கை கழுவாமல், ஜீப்புக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். புதுச் சென்சரோடு அந்தக் கார் ஓடிய முதல் ஓட்டம் அதுதான். ஜீப் பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பாமல் காலி நகருக்குப் போகும் பெரிய வீதியில் நேரே போய்விடுமோ என்று அதன் பின் சில்லையே பார்த்துக்கொண்டு போனேன். திரும்பியது. எனக்கு அப்போது வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் பொலிஸ் என் கைகளைப் பார்த்துவிட்டுச் சவர்க்காரம் தந்தா. குழாயடிக்குப் போனால் அந்த நேரத்தில் அவரை வேறு வாசலால் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து போகவில்லை. மூன்று மணிக்கு அவர் வெளியே வந்தார். அடிக்கவில்லை என்றார், நான் கேட்க முன்னமே. சென்சர் எப்படி வேலை செய்கிறது என்று படம் கீறிக் காட்டச் சொன்னார்களாம். கீறினாராம். மேலதிகாரி அதைப் பார்த்து, தன் வீட்டுக் காரும் இப்படித்தான் நிற்கிறது என்றாராம். பிறகு தேத்தண்ணி கொடுத்தார்களாம்.

அன்று பின்னேரம் எதிர் வீட்டு மிஸ்ஸி வந்தா. கேற்றடியில் நின்று கூப்பிட்டா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மம தமய் கோல் கேளே, டீச்சர்," என்றா. பொலிஸுக்கு அறிவித்தது நான்தான்.

அவ சிங்களத்தில் தொடர்ந்து சொன்னா. மேலே இருந்து பார்க்க என் கால்கள் மட்டும்தான் தெரிந்தனவாம். பிறகு வயர் தெரிந்ததாம். சுத்தியல் சத்தம் கேட்டதாம். உங்களைத் தெரியும், நீங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று தெரியும், ஆனாலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றேன் என்றா. அவவுடைய தம்பி பஸ்ஸில் நடந்த ஒரு குண்டுவெடிப்பில் செத்தவன். அதை அதுவரை எங்களுக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு வார்ட்டில் அவதான் வேலையில் இருந்தாவாம். தம்பியைக் கொண்டுவந்தபோது சப்பாத்தைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்ததாம்.

"என்ர பிள்ளைகள் ரெண்டும் உள்ள படுத்திருந்துது," என்றா. "நீங்க என்ர இடத்தில இருந்தா என்ன செய்திருப்பீங்க?"

"தெரியாது, மிஸ்ஸி," என்றேன். என் புருசனை மறுபடி கொண்டுபோகப் பார்த்தாயே என்று சொல்ல நெஞ்சு துடித்தது. அவவுடைய முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்லவும் முடியவில்லை.

அதற்குள் கணவர் உள்ளேயிருந்து வந்தார். "நீங்க செய்தது சரி, மிஸ்ஸி," என்று சிங்களத்தில் சொன்னார். "சந்தேகம் வந்தா சொல்லத்தான் வேணும். மனசில வைக்க வேண்டாம்." அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு போனா.

எனக்குக் கோபம் வந்தது. கதவைச் சாத்திய பிறகு கேட்டேன்.

"என்னெண்டு அப்பிடிச் சொன்னனீங்கள்? உங்களுக்குக் கோபமே இல்லையோ?"

அவர் ஜன்னலடியில் போய் நின்றார். "அவ நாளைக்கும் உந்த பல்கனியிலைதானே நிக்கப்போறா," என்றார்.

அது மன்னிப்பா பயமா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவரிடமும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒன்பதாம் வகுப்புக் கொப்பிகள் திருத்தாமல் கிடந்தன. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் போட்டு மூன்று தரம் கையைக் கழுவிவிட்டு, அவற்றைத் திருத்த உட்கார்ந்தேன். நகக்கண்களில் கறுப்பு அப்படியே இருந்தது. திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை, "ரீச்சர், கையிலை என்ன?" என்று கேட்டாள். கார் எண்ணெய் என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது.